ரோஸ் பாட்டிலுக்கு ஓர் ஆசீர்வாதம்

மைக்கில் பேசிப் பேசியே ஒரு மனுஷன் பலூனை எழுந்து நிற்க வைக்கிறான் என்றால் கூட்டம் வருமா வராதா? வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாக் கடை மாடியில் கால் வைக்க இடமில்லை. லிஃப்ட் மக்கர் பண்ணியது. மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் மூட்டுவலி தீர மூன்று மாடி ஏறினார்கள். முன்வரிசையில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், பக்கத்தில் பல் டாக்டர், அதற்குப் பக்கத்தில் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா. படித்தவர்கள் முன்வரிசை, படிக்காதவர்கள் பின்வரிசை. ஏமாறுவதிலாவது சமத்துவம் வந்திருக்கக் கூடாதா?

மேடையில் இருந்தவரை எல்லாரும் உள்பசி மாஸ்டர் என்றார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, வெள்ளை ஷூ. மேஜைமேல் இரண்டு கண்ணாடி பாட்டில், இரண்டிலும் ஈஸ்ட். ஆமாம், ரொட்டிக் கடையில் மாவு உப்புவதற்குப் போடுகிற அதே ஈஸ்ட்தான். இரண்டும் ஒரு வாரம் பட்டினி. வலது பக்க பாட்டிலுக்கு மாஸ்டரின் ஆசீர்வாதம் உண்டு, இடது பக்கத்துக்குக் கிடையாது. இப்போது இரண்டிலும் சர்க்கரையும் சத்தும் கலந்த வெதுவெதுப்பான சாப்பாட்டை ஊற்றி, வாயில் பலூனை மாட்டிவிட்டார்.

"நம்ம உடம்புல செல்லு இருக்கு. செல்லுக்குள்ள குப்பை இருக்கு. பட்டினி போட்டா செல்லு தன் குப்பையைத் தானே தின்னும். இதைத்தான் நான் உள்பசின்னு சொல்றேன். ஆனா சும்மா பட்டினி கிடந்தா செத்துப் போயிடுவீங்க. என் குரல் உள்ள போகணும். குரல் போனாத்தான் உள்பசி முழிக்கும்."

முதல் பாதி உண்மை. அங்கேதான் ஆள் கெட்டிக்காரன். முழுப் பொய்யை விற்பது சிரமம், உண்மையைத் தொட்டுக் கொடுத்தால் ஜனங்கள் விரல் சூப்பிச் சாப்பிடுவார்கள்.

மாஸ்டர் இரண்டு மணி நேரம் பேசுவார். ஏன் இரண்டு மணி நேரம் என்று யாரும் கேட்டதில்லை. பட்டினி கிடந்த ஈஸ்ட் சாப்பிட்டு, தெம்பு வந்து, ஏப்பம் விட்டுப் பலூனை நிரப்ப அவ்வளவு நேரம் ஆகும், அதனால்தான். வலது பக்கப் பலூன் மெல்லத் தலைதூக்கும். இடது பக்கப் பலூன் தொங்கியது தொங்கியபடியே கிடக்கும். கூட்டம் "ஆஹா!" என்று எழுந்து நிற்கும். வெளியே போகும்போது ஆளுக்கொரு குரல்பெட்டி வாங்கிக்கொண்டு போகும். தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் அது. அதை வயிற்றில் கட்டிக்கொண்டால் மாஸ்டரின் குரல் நேராகச் செல்லுக்கே போகுமாம். செல்லுக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் பல் டாக்டருக்குக்கூட வரவில்லை.

அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒருத்தி நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை வீட்டில் ஈஸ்ட்காரி என்பார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவளுக்குச் சோறு போடுவதே ஈஸ்ட்தான். அதற்குத் தீனி போடுவாள், பட்டினி போடுவாள், சூட்டில் வைத்து வாட்டுவாள், எது பிழைக்கிறது எது சாகிறது என்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் ஈஸ்ட் முகத்தில் விழிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? எல்லாம் அக்காவுக்காக.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷம் மாத்திரையை மறந்து, குளியலறையில் விழுந்து, ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியவள். அப்படிப்பட்டவள் இப்போது வயிற்றில் குரல்பெட்டி கட்டிக்கொண்டு அலைகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் மகாப் பட்டினி ஆரம்பிக்கிறாளாம். அன்றைக்கு எல்லாரும் மேடை ஏறி, மாத்திரைகளைப் பெரிய நீலக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பட்டினியைத் தொடங்க வேண்டும். அக்கா தன் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் கட்டி, வாசல் கதவுப் பின்னால் இப்போதே மாட்டி வைத்துவிட்டாள். தினமும் அதிலிருந்துதான் ஒன்று எடுத்து விழுங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் என்று.

"அக்கா, பட்டினியும் இருந்து மாத்திரையும் விட்டா நீ பொழைக்க மாட்ட" என்று ஈஸ்ட்காரி அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நீயும்தான் அந்த ஈஸ்ட்டோட பத்து வருஷமா மாரடிக்கிற. உன் பேச்சை ஒரு பாட்டிலாவது கேட்டுச்சா? அவர் பேச்சைக் கேக்குதுடி. என் கண்ணால பாத்தேன்!"

கண்ணால் பார்த்தாளாம். அதனால்தான் ஈஸ்ட்காரியும் கண்ணால் பார்க்க வந்தாள். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் மேடையைச் சூழ்ந்தபோது முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் இடது பக்க பாட்டிலைப் பார்த்தாள். அடியில் படிந்திருந்த ஈஸ்ட் லேசான ரோஸ் நிறம்.

"அந்த ரோஸ் கலர் என்னன்னு பாக்கறீங்களா?" என்று பக்கத்தில் நின்ற பேங்க் மேனேஜர் பரவசமாகச் சொன்னார். "அது பாவம்மா. ஆசீர்வாதம் படாத செல்லுல பாவம் அப்படித்தான் தேங்கி நிக்குமாம். ஐயா சொல்லியிருக்காரு."

ஈஸ்ட்காரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பாவமாவது, புண்ணாக்காவது! அது அவர்கள் ஆய்வகத்தின் நிறம்.

விஷயம் இதுதான். செல்லுக்குள் பஞ்சம் வந்தால் உள்ளே உடைந்து கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை அதுவே பிரித்துத் தின்று காலம் தள்ளும். வீட்டில் விறகு தீர்ந்தால் உடைந்த நாற்காலியை வெட்டி அடுப்பில் வைப்பதில்லையா, அப்படி. வெட்டுவதற்குக் கோடாரி வேண்டும். ஈஸ்ட்டுக்குள் அந்தக் கோடாரியைச் செய்து கொடுக்கச் சில மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் கோடாரி கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும்வரை அந்த ஈஸ்ட்டும் ஜோராகத்தான் இருக்கும், ஆனால் பட்டினி போட்டால் சில நாளில் போய்ச் சேர்ந்துவிடும். ஆய்வகத்தில் அப்படிக் கோடாரி பிடுங்கப்பட்ட ஈஸ்ட் ஒன்று உண்டு. நல்ல ஈஸ்ட்டோடு கலந்துவிடக் கூடாது என்று, அது மட்டும் ரோஸாக வளரும்படி பேராசிரியர் ஓர் அடையாளம் வைத்திருந்தார்.

ஈஸ்ட்காரி மேடையை மறுபடி உற்றுப் பார்த்தாள். தாடியைக் கழித்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்தால்? அட, ஆய்வகத்துக்குக் கையுறை விற்க வந்துகொண்டிருந்த ஆள்! வீட்டுக்குப் போனதும் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"கையுறைக்காரனா? ரொம்ப ஆர்வமான ஆளாச்சேம்மா! மணிக்கணக்கா உக்காந்து கேப்பான். ஸ்கூல் கண்காட்சிக்குன்னு கேட்டான், நல்ல ஈஸ்ட்டும் ரோஸ் ஈஸ்ட்டும் நான்தான் குடுத்தேன். ஏன், கண்காட்சி நல்லா நடக்குதா?"

"பிரமாதமா நடக்குது சார்" என்றாள் ஈஸ்ட்காரி.

அக்காவிடம் இதைச் சொன்னால்? சொன்னாள். "பொறாமை" என்று ஒரே வார்த்தையில் அக்கா கதவைச் சாத்தினாள். கோடாரி, மரபணு என்று எதைச் சொன்னாலும் எடுபடாது என்பது ஈஸ்ட்காரிக்குப் புரிந்துபோயிற்று. அக்கா பாட்டிலைத்தான் நம்புகிறாள். சரி, பாட்டிலே பேசட்டும்.

மறுநாள் மாலை மாடியில் ஆசீர்வாதக் கூட்டம் இருந்தது. அங்கேதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான புதுப் பாட்டில்களைப் பட்டினி போட்டு, ஒன்றுக்கு மட்டும் மாஸ்டர் குரல் கொடுப்பார். ஈஸ்ட்காரி கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"சந்தேகம் ஒரு குப்பை" என்றார் மாஸ்டர் கருணையாக. "தின்னுடு."

"தின்னு பாத்தேங்க. செரிக்கல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தங்கையின் தொடையில் கிள்ளினாள்.

"ஒண்ணுமில்லீங்க. எப்பவும் வலது பக்க பாட்டிலைத்தான் ஆசீர்வாதம் பண்றீங்க. இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு அந்த ரோஸ் பாட்டிலைப் பண்ணுங்களேன்."

மாஸ்டரின் முகம் ஒரு நொடி கையுறைக்காரன் முகமாகிவிட்டு மறுபடி மாஸ்டர் முகமானது. "அது பாவ பாட்டில்மா."

"பாவிக்குத்தானே ஐயா ஆசீர்வாதம் வேணும்? நல்லவனுக்கு எதுக்கு?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கணக்கு அம்மா தலையாட்டினாள். "நியாயமான கேள்விதான்" என்றார் பல் டாக்டர், தன் குரலையே நம்பாதவர் மாதிரி. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆசீர்வாதத்துக்கென்று ஒரு வரிசை இருக்கிறது, கிரகம் மாதிரி அதற்கும் ஒரு பாதை இருக்கிறது என்று நழுவப் பார்த்தார். அவரைக் கவிழ்த்தது ஈஸ்ட்காரி இல்லை. அவருடைய பரம பக்தரான பேங்க் மேனேஜர்தான் கொதித்தெழுந்தார்.

"என்னம்மா நெனச்சே ஐயாவை? ஐயா குரல் பட்டா கல்லே பொங்கும்! ஐயா, ரெண்டையுமே ஆசீர்வாதம் பண்ணுங்க. ரெண்டும் பொங்கும். இவங்க வாயை அடைக்கலாம்!"

கூட்டம் கைதட்டியது. பக்தன் வெட்டிய குழியில் குருவே விழுவது அபூர்வக் காட்சி, அதைக் காண ஈஸ்ட்காரி கொடுத்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் இரண்டு பாட்டிலிலும் வாயை வைத்து "முழி, முழி, முழி" என்றார். பாட்டில்களை அவரே கொண்டுபோகக் கையை நீட்டியபோது, பேங்க் மேனேஜர் பழைய உத்தியோக ஞாபகத்தில் "எதுக்கும் முறைப்படி செய்வோம்" என்று வாயில் பஞ்சை அடைத்து, டேப் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். யார் வீட்டில் வைப்பது? மகாப் பட்டினி தொடங்கப்போகும் முதல் பக்தை வீட்டில். அதாவது அக்கா வீட்டில்.

அன்றைக்கு இரவே ஈஸ்ட்காரி மூன்றாவதாக ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். மளிகைக் கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்ட், சத்தே இல்லாத அதே பட்டினித் தண்ணீர், அதே பஞ்சு. அதை அத்தானிடம் கொடுத்தாள். அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். திட்டுவது அவருக்குத் தொழில். கொடுக்கிற பீஸில் பாதி வண்டிக்கு, பாதி அந்த வாய்க்கு என்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சொல்வார்கள்.

"அத்தான், இதை ஒரு வாரம் திட்டணும்."

"எதுக்கு?"

"காரணம் இல்லாமத்தான் தினமும் திட்டறீங்க. இதுக்கு மட்டும் காரணம் வேணுமா?"

அந்த வாரம் அந்த வீடு வீடாக இல்லை. ஷோகேஸில் ஆசீர்வாத பாட்டில்கள் இரண்டு. ரோஸ் பாட்டிலுக்கு எதிரே அக்கா தன் குரல்பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டாள். "முழி, முழி" என்று அது இராப்பகலாக முனகியது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து, "கண்ணு, இந்தப் பாவத்தை மட்டும் தின்னுடும்மா" என்று கெஞ்சினாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கடைப் பாட்டிலுக்கு அத்தானின் அர்ச்சனை. "ஏன்டா எருமை, கிளட்சை மிதிக்காம கியர் போடறியே, உனக்கெல்லாம் யார்டா லைசென்ஸ் குடுப்பான்? கண்ணாடியைப் பாருடா! பின்னாடி லாரி வருது!" பாட்டிலுக்கு எந்தக் கண்ணாடி, எந்த லாரி? ஆனாலும் மனுஷன் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது.

ஈஸ்ட்காரி தினமும் வந்து கதவுப் பின்னால் தொங்கும் மாத்திரைப் பையை முதலில் பார்ப்பாள், அப்புறம்தான் அக்கா முகத்தை. வெள்ளிக்கிழமை அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏன்டி என்கூடச் சண்டைக்கு நிக்கிற? தினம் மாத்திரை, பத்தியம், அளவு சோறு. சலிச்சுப் போச்சுடி எனக்கு. ஒருத்தர் வந்து உன் உடம்பே உன்னைப் பாத்துக்கும்னு சொல்றாரு. கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

ஈஸ்ட்காரி அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நீ வேணும்கா" என்றாள். "ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. ஞாயித்துக்கிழமை ரோஸ் பாட்டில் பொங்கலைன்னா, பையைத் தொட்டியில போடக் கூடாது."

"பொங்கும். நானே உக்காந்து பாத்துக்கறேனே" என்று அக்கா சத்தியம் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி வரை கூட்டம் வழிந்தது. மேடை நடுவில் நீலக் குப்பைத்தொட்டி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேங்க் மேனேஜர் டேப்பையும் கையெழுத்தையும் சரிபார்த்துவிட்டு, "யாரும் தொடலை" என்று அறிவித்தார். சாப்பாடு ஊற்றிப் பலூன் மாட்டியாயிற்று. மாஸ்டர் பேச ஆரம்பித்தார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் போதாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷம் பேசினாலும் போதாது.

வலது பக்கப் பலூன் எழுந்தது. கைதட்டல். ரோஸ் பாட்டிலின் பலூன் கவிழ்ந்தே கிடந்தது. அக்கா மேடை விளிம்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் "முழி, முழி" என்று அசைந்தது.

மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "பாவம் பெரிசு" என்றார் கடைசியில். "இந்த பாட்டில் சாதாரண பாவ பாட்டில் இல்ல. இதுக்கு ஒரு ஆசீர்வாதம் பத்தல."

கூட்டம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "ஐயையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பேங்க் மேனேஜர், "டபுள் ஆசீர்வாதத்துக்கு என்ன செய்யணும் ஐயா?" என்று கேட்டே விட்டார். ஈஸ்ட்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பொய் செத்துப்போய்ப் படுத்தாலும் இவர்கள் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடுவார்கள் போலிருக்கிறதே!

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மனிதர்கள் கூடிய சபையில் கேட்கக் கூடாத சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். அத்தான் பேய்முழி முழித்தார்.

"நான் இல்லீங்க!" என்றார் அவசரமாக. "இதுதான்."

மடியில் அவருடைய கடைப் பாட்டில். அதற்கும் அதே நேரத்தில் ஈஸ்ட்காரி சாப்பாடு ஊற்றிப் பலூன் மாட்டியிருந்தாள். அந்தப் பலூன் ஊதி ஊதி, பாட்டில் வாயிலிருந்து கழன்று, பொர்ர்ர் என்று ஹாலைச் சுற்றிவிட்டு, மாலை போட்ட குப்பைத்தொட்டிக்குள் போய் விழுந்தது. பாட்டிலிலிருந்து நுரை வழிந்து அத்தானின் பேன்ட்டை நனைத்தது.

"அது என்ன பாட்டில்?" என்று பல் டாக்டர் எழுந்து நின்றார்.

பதில் சொன்னது அக்கா.

"கடை ஈஸ்ட்டுங்க. அதுவும் ஒரு வாரம் பட்டினி. ஆசீர்வாதம் கிடையாது. எங்க வீட்டுக்காரர் வேளாவேளைக்கு அதை எருமை, தண்டம்னு திட்டினாரு. அது பொங்குது." அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்த ரோஸ் பாட்டில்கிட்ட நான் ராத்திரி தூங்காம உங்க குரலை வச்சேன். குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசினேன். இது ஏன் ஐயா செத்துச்சு?"

"பாவம்..."

"என்ன பாவம்? ஈஸ்ட்டு என்ன பாவம் பண்ணிச்சு? யார் குடியைக் கெடுத்துச்சு?"

ஈஸ்ட்காரி அப்போதுதான் எழுந்தாள். "அது பாவம் இல்லக்கா. பட்டினியில தன் குப்பையைத் தின்னு பொழைக்க ஒரு கோடாரி வேணும். நல்ல ஈஸ்ட்டுக்கு அது பிறவியிலேயே உண்டு. ரோஸ் ஈஸ்ட்டுக்கு எங்க ஆய்வகத்துல அதைப் பிடுங்கிட்டோம். ரோஸ் கலர் நாங்க வச்ச அடையாளம். எங்களுக்குக் கையுறை விக்க வந்தப்போ ஐயா வாங்கிட்டுப் போனதுதான் ரெண்டும். என்ன ஐயா, மீடியம் சைஸ் கையுறை இன்னும் பாக்கி இருக்கா?"

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போன மாஸ்டர், சோபாக் கடைச் சாமான் ஏற்றும் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். வெள்ளை ஷூ ஒன்று படியிலேயே கிடந்தது. ஆளாளுக்கு வயிற்றில் கட்டியிருந்த குரல்பெட்டிகள் மட்டும் ஹால் முழுக்க "முழி, முழி" என்று முனகிக்கொண்டிருந்தன. அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான், அதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

சரி, கதை முடிந்தது, ஜனங்கள் முழித்துக்கொண்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பேங்க் மேனேஜர் நேராக அத்தானிடம் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்க திட்டுக்கு இவ்வளவு சக்தியா! எனக்கு முழங்கால் வலி. ஞாயித்துக்கிழமை வந்தா கொஞ்சம் திட்டுவீங்களா?"

அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது. அத்தான் முகத்தில் லேசாக ஒரு தேஜஸ் வர ஆரம்பித்தது. தாடையைத் தடவிக்கூடப் பார்த்தார்.

"வாயை மூடுங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் அவர் கை தானாகக் கீழே இறங்கியது. "திட்டினதால பொங்கலை, கும்பிட்டதாலயும் பொங்கலை. அதுக்குப் பொங்கத் தெரியும், பொங்குது. இதுகூடவா புரியல உங்களுக்கு?"

சொல்லிவிட்டு, தொட்டியில் போடக் கொண்டுவந்த பையைப் பிரித்தாள். ஒரு மாத்திரையை எடுத்துக் கூட்டம் பார்க்க விழுங்கினாள். ஈஸ்ட்காரி தன் பையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள். மாஸ்டரின் குரலே படாமல் உப்பிய ரொட்டி. அக்கா மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

ஈஸ்ட்டுக்கு மூளை கிடையாது. அதனால் அதன் காதில் யாரும் பூச்சுற்ற முடியவில்லை. நமக்கு இருக்கிறதே ஐயா மூளை? எத்தனை நாளைக்குத்தான் அதைப் பட்டினி போடுவீர்கள்?